மகளின் நெஞ்சுக்குள் ஒரு கடிகாரம்

ராத்திரி கரன்ட் போனால்தான் அந்தச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்கும். ஃபேன் நின்று, ஃபிரிட்ஜ் நின்று, தெருவும் அடங்கிய பிறகு, பக்கத்தில் படுத்திருக்கும் மகளின் நெஞ்சிலிருந்து 'டிக்... டிக்... டிக்...' என்று வரும். சின்ன கைக்கடிகாரத்தைத் துணியில் சுற்றி வைத்தது மாதிரி.

ஒரு லீவுக்கு வந்திருந்த என் தங்கை மகன், அப்போது அவனுக்கு ஐந்து வயது, பயந்துபோய் என்னை எழுப்பினான். "பெரியம்மா, அக்கா வாட்ச்சை முழுங்கிட்டாளா?"

அவள் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள். "ஆமாடா. அதுக்குச் சாவி கொடுக்கத்தான் பெரியம்மா தினமும் எனக்கு மாத்திரை தாராவ."

எங்களுக்குத் தூத்துக்குடி. கணவர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். மாமனார் திரேஸ்புரத்தில் சங்கு குளித்தவர். 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில், இருபது வயதுப் பையனாகக் கடலில் இறங்கியவர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் அடிமட்டம் வரை போய், கை நிறையச் சிப்பியோடு மேலே வந்த மனிதர். அந்த வீட்டுப் பேத்திக்குத்தான் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

2013. அவளுக்குப் பத்து வயது. முதலில் வந்தது தொண்டை வலி. காய்ச்சல், இரண்டு நாள் கஷாயம், சரியாகிவிட்டது. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் கணுக்காலுக்குப் போனது, அப்புறம் மணிக்கட்டுக்கு. நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கில், "வளர்ற பிள்ளை, கால் வலிக்கத்தான் செய்யும்" என்று வலி மாத்திரை கொடுத்தார்கள். வலி போய்விட்டதால் நானும் மறந்துவிட்டேன்.

மாமனார்தான் கண்டுபிடித்தார். பனிமய மாதா கோயில் திருவிழாவுக்குப் பேத்தியைக் கையைப் பிடித்து அழைத்துப் போனவர், பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். "இந்தப் பிள்ளைக்கு மூச்சு சரியில்ல. நாலு எட்டு வச்சா நிக்கா. நம்ம கிளினிக்குக்குப் போவாத, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ." மூச்சைப் பற்றி அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. மறுநாளே தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு எக்கோ எடுக்க அனுப்பினார். 'ருமாட்டிக் காய்ச்சல்' என்ற பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியோடு உடம்பு சண்டை போடுகிறது. சில பிள்ளைகளுக்கு அந்தச் சண்டை ஆள் மாறிப்போய், சொந்த மூட்டுகளையும் இதய வால்வுகளையுமே தாக்குகிறது. மூட்டு வலி தடமில்லாமல் போய்விடும். வால்வில் விழுந்த காயம் மட்டும் ஆறாமல் தழும்பாகும். ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள்தான் இது அதிகம் வருகிறது. உங்கள் வீட்டில் அந்த வயதுப் பிள்ளைக்குத் தொண்டை வலிக்குப் பிறகு மூட்டு விட்டு மூட்டு வலி தாவினால், தயவுசெய்து என்னைப் போல 'வளர்ற வலி' என்று இருந்துவிடாதீர்கள்.

அவளுக்கு அடி வாங்கியது மைட்ரல் வால்வு. இதயத்தின் இடது மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே இருக்கும் இரட்டைக் கதவு. பிஷப் தலையில் வைக்கும் உயரமான தொப்பியின் வடிவத்தில் இருப்பதால் இந்தப் பெயராம். டாக்டரம்மா இதைச் சொன்னதும், திருவிழா பூசையில் அந்தத் தொப்பியைப் பார்த்தே வளர்ந்த என் மாமனாருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அந்தத் தொப்பி கிழிஞ்சிருக்கு, அப்படித்தானம்மா?" என்று கேட்டார். அப்படித்தான். கதவு முழுசாக மூடாததால், கீழ் அறையிலிருந்து வெளியே போக வேண்டிய ரத்தம் கொஞ்சம் பின்னால் கசிந்துகொண்டிருந்தது.

உடனே ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். இருபத்தோரு நாளைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி. இன்னொரு தாக்குதல் வராமல் தடுக்க அது ஒன்றுதான் வேலி. பால் மாதிரி கெட்டியான மருந்து. போட்டால் அந்தப் பக்கம் ஒருநாள் நடக்க முடியாது. காலண்டரில் இருபத்தோராம் நாளைச் சிவப்பில் வட்டம் போடுவேன். அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்து ஒளித்து வைப்பாள்.

2015-ல் என் அம்மா படுக்கையில் விழுந்து, பிறகு இறந்துபோன நாட்களில் இரண்டு ஊசிகள் தவறின. "அடுத்த மாசம் சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்று நானே சொன்னேன். மீண்டும் காய்ச்சல் வந்தது, மூட்டு வீங்கியது. இந்த முறை எக்கோவில் கசிவு கூடியிருந்தது. இதை எழுதும்போது மாற்றிச் சொல்ல எத்தனையோ வழிகள் தோன்றுகின்றன. ஆனால் தவறவிட்டது நான்தான்.

2017-ல் அவளுக்குப் பதினான்கு வயது. படுத்தால் மூச்சு முட்டும், மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குவாள். ஸ்கூல் பையை அவள் அப்பா சுமந்து போவார். மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் பணத்துக்காக எதையும் விற்க வேண்டியிருக்கவில்லை. முடிவு எடுப்பதுதான் பாடாய்ப் படுத்தியது.

அந்த சர்ஜன் பொறுமைசாலி. ஒரு பழைய ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் படம் போட்டே எல்லாவற்றையும் விளக்கினார். எங்களிடம் மட்டுமல்ல, அவளிடமும்.

முதல் வழி, இருக்கிற வால்வையே ரிப்பேர் செய்வது. தளர்ந்த இடத்தைத் தைத்து, சுற்றிலும் ஒரு வளையம் வைத்துப் பிடித்துக் கட்டுவது. பிள்ளைகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்றார். சொந்த வால்வு, ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டாம். "ஆனா ருமாட்டிக் வால்வு நாள்பட்டுச் சுருங்கிப் போயிருக்கும். பழைய துணியில தையல் போட்டா பக்கத்துல கிழியும்ல, அது மாதிரி. திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

ரிப்பேர் ஆகாவிட்டால் மாற்ற வேண்டும். எதை வைத்து என்பதுதான் அடுத்த கேள்வி.

திசு வால்வு என்று ஒன்று. பன்றியின் வால்விலிருந்தோ, மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்தோ பதப்படுத்திச் செய்வது. சத்தம் வராது, ஆயுளுக்கும் மாத்திரை வேண்டாம். வயதானவர்களுக்குப் பத்துப் பதினைந்து வருஷம்கூட உழைக்கும். பிள்ளைகள் உடம்பில் நிலைமை வேறு. வளர்கிற உடம்பு எலும்புக்குச் சுண்ணாம்பு சேர்க்கிற வேகத்தில் அந்தத் திசுவிலும் சேர்த்துவிடுகிறது. சில வருஷங்களிலேயே கெட்டியாகி, மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம்.

அடுத்தது உலோக வால்வு. எளிதில் தேயாது. ஆனால் ரத்தம் அதன் மேல் உறையப் பார்க்கும். உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம், வால்விலேயே உறைந்தால் கதவு சிக்கிக்கொள்ளும். அதனால் உறைவைத் தடுக்கும் மாத்திரையை ஒருநாள்கூடத் தவறாமல் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு வைத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளை வளரும், வால்வு வளராது. "உங்க பொண்ணு கிட்டத்தட்ட முழு வளர்ச்சிக்கு வந்துட்டா. பெரியவங்களுக்கான சைஸே வைக்கலாம்" என்றார்.

இதற்குள் சொந்தக்காரர்கள் எல்லோரும் டாக்டர் ஆகியிருந்தார்கள். துபாயில் இருக்கும் என் தம்பி வாட்ஸ்அப்பில் 'ராஸ் ஆபரேஷன்' பற்றி அனுப்பினான். லண்டனில் டொனால்ட் ராஸ் என்ற சர்ஜன் 1967-ல் தொடங்கிய முறை. கெட்டுப்போன பெருந்தமனி வால்வை எடுத்துவிட்டு, நோயாளியின் சொந்த நுரையீரல் தமனி வால்வை அங்கே வைப்பார்கள். காலியான இடத்துக்கு இறந்தவர் தானமாகக் கொடுத்த வால்வு. இடம் மாற்றிய வால்வு குழந்தையோடு சேர்ந்தே வளரும் என்பது அதன் பெரிய சிறப்பு. டாக்டரிடம் காட்டினேன். "நல்ல ஆபரேஷன்தான். ஆனா அது பெருந்தமனி வால்வுக்கு. இவளுக்குக் கெட்டது மைட்ரல். அதோட, ருமாட்டிக் இருக்குற உடம்புல மாத்தி வைக்கிற வால்வையும் அந்த நோய் விட்டு வைக்கும்னு சொல்ல முடியாது" என்றார்.

எதிர்வீட்டு அக்காவுக்கு வேறு சந்தேகம். "எங்க மாமனாருக்குத் தொடை வழியா ஒயரை விட்டே வால்வு வச்சாங்க. பச்சப்பிள்ளைக்குப் போய் நெஞ்சை அறுக்கணுமா?" நியாயமான கேள்விதானே? அதையும் கேட்டேன். பிள்ளைகளுக்கும் அப்படி வைப்பதுண்டு, பெரும்பாலும் நுரையீரல் தமனி வால்வுக்கு. 2000-ல் ஃபிலிப் பான்ஹோஃபர் என்ற டாக்டர் பாரிஸில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இப்படி வைத்தார். வால்வு சுருங்கி ஒட்டியிருந்தால், ஜப்பானின் கான்ஜி இனோவே 1982-ல் தொடங்கிவைத்த பலூன் முறையில் தொடை வழியாகவே விரித்துவிடலாம். நம் நாட்டில் எத்தனையோ இளம்பெண்களைக் காப்பாற்றியிருக்கும் முறை அது. "உங்க பொண்ணுக்குச் சுருக்கம் இல்லம்மா, கசிவு. கசியிற கதவை பலூன் வச்சு இன்னும் அகலமாத் திறந்து என்ன பண்ண?"

ஆக, ரிப்பேருக்கு முயற்சி. முடியாவிட்டால் திசுவா, உலோகமா? அதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

நான் திசு என்றேன். என் காரணம் வெளியில் சொல்லத் தயங்குகிற காரணம். பெண்பிள்ளை. நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும். உறைவைத் தடுக்கும் அந்த மாத்திரை, கரு உருவாகும் முதல் மாதங்களில் குழந்தையின் வளர்ச்சியைக் கெடுக்கலாம். நிறுத்தினால் தாயின் வால்வில் ரத்தம் உறையலாம். ஊசிக்கு மாறி, மறுபடி மாத்திரைக்கு வந்து என்று டாக்டர்களின் கண்பார்வையிலேயே பத்து மாதமும் நடக்க வேண்டிய கர்ப்பம் அது. திசு வால்வு என்றால் அந்தப் பயம் இல்லை. ஆனால் இருபது, இருபத்தைந்து வயதிலேயே இன்னொரு ஆபரேஷன் காத்திருக்கும்.

என் கணவர் எதுவும் சொல்லவில்லை. வண்டி ஓட்டுபவர்களுக்குப் பேச்சு குறைவு.

மாமனார்தான் லாட்ஜ் அறையில் அன்று ராத்திரி பேசினார். "சிப்பிக்குள்ள மணியை வச்சா அது என்ன செய்யும்? இது நம்ம சாமான் இல்லன்னு தெரிஞ்சு, மேல மேல பூசி மூடும். அதான் முத்து. ரத்தமும் அதைத்தான் செய்யப் பார்க்கு. பூச விடக் கூடாது, அவ்வளவுதான?" எங்கள் ஊரிலேயே 1973-ல் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் மணி வைத்து முத்து விளைவித்துக் காட்டியதை நேரில் பார்த்தவர் அவர். டாக்டர் அரை மணி நேரம் விளக்கியது இப்படித்தான் எனக்கு முழுசாக விளங்கியது.

மகள் அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "எல்லாரும் எனக்குப் பொறக்காத பிள்ளையைப் பத்தியே பேசுதீங்க. நான் பொறந்துட்டேன்லா? எனக்கு ரெண்டாவது தடவை நெஞ்சைத் திறக்க வேண்டாம்."

அதற்குப் பிறகு நான் திசு என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

ஆபரேஷன் அன்று ஆறு மணி நேரத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்திருந்தோம். முத்துக் குளிக்கும்போது மேலே வள்ளத்தில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. தங்கை தாலி அறுக்க எந்த அண்ணனும் கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு. மாமனார் அன்று வாயே திறக்கவில்லை. உள்ளே கயிறு பிடித்திருந்தவர்கள் யாரோ முகம் தெரியாதவர்கள்.

ரிப்பேர் செய்து பார்த்திருக்கிறார்கள். கசிவு நிற்கவில்லை. உலோக வால்வு வைத்துவிட்டு வந்து சொன்னார் சர்ஜன். "சித்ரா வால்வு வச்சிருக்கோம். நம்ம திருவனந்தபுரத்துல செஞ்சது."

இந்த வால்வின் கதையைப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். மகள் உடம்பில் இருக்கும் பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் எப்படி இருக்க முடியும்? நாகர்கோவிலைத் தாண்டினால் வந்துவிடும் திருவனந்தபுரத்தில், ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் பிறந்தது அது. அங்கே தலைமை வகித்த இதய சர்ஜன் எம்.எஸ்.வலியத்தான். வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத ஏழை நோயாளிகளைப் பார்த்து, இங்கேயே செய்துவிடுவோம் என்று இறங்கினார். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் சேட்டல்மண்ட் அரண்மனையில்தான் ஆராய்ச்சிக்கூடம். முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. ஒரு கட்டத்தில் நீலக்கல் வகைப் படிகத்தில் வட்டத்தகடு செய்து பார்த்தார்கள், அதுவும் சரிப்படவில்லை. நான்காவதில், கோபால்ட் கலந்த உலோகச் சட்டத்துக்குள் உறுதியான ஒருவகை பிளாஸ்டிக் தகடு. செம்மறியாடுகளுக்கு வைத்துச் சோதித்த பிறகு, 1990 டிசம்பர் 6-ம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். தயாரித்து விற்பது டி.டி.கே. என் சமையலறையில் விசிலடிக்கும் பிரெஸ்டீஜ் குக்கரும் அதே குழுமம்தான். இதைச் சொன்னபோது மகள், "அப்போ எனக்கும் கேஸ்கட் மாத்தணுமாம்மா?" என்றாள். இதுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் இந்த வால்வு வைத்திருக்கிறார்கள். வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்று, மகள் மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தட்டு. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை சாய்ந்து திறக்கிறது, மூடுகிறது. மூடும்போது வருவதுதான் நான் கேட்கும் அந்த 'டிக்'.

அதோடு வாழப் பழகுவது தனிப் படிப்பு. ராத்திரி எட்டு மணிக்கு அசிட்ரோம் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். டெஸ்ட், மாதம் ஒருமுறையாவது. அவளுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் எங்காவது ரத்தம் கசியும். பெனிசிலின் ஊசியிலிருந்து விடுதலை கிடைத்தது. தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டும் என்று பெனிசிலினையும் தினமும் இரண்டு வேளை மாத்திரையாக மாற்றிக் கொடுத்தார்கள்.

கீரையே ஆகாது என்று பக்கத்தில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். முதல் வருஷம் முருங்கை மரத்தையே வெட்டிவிடலாமா என்று நினைத்தேன். கீரையில் இருக்கும் வைட்டமின் கே மாத்திரையின் வேலையை மட்டுப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் விலக்கத் தேவையில்லை, வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும், அதற்கேற்ப மாத்திரை அளவை வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இப்போது புதன்கிழமை முருங்கைக்கீரை. மீனுக்குத் தடையே இல்லை. தூத்துக்குடிக்காரிக்கு அதுவும் இல்லையென்றால் என்ன வாழ்க்கை?

மாதவிலக்கு நாட்களில் போக்கு அதிகம். ரத்தசோகை வந்து இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தது. பெண்பிள்ளைக்கு உலோக வால்வு வைக்கும்போது இதையும் யாராவது முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெரியாமல்தான் நாங்கள் முதல் தடவை பயந்து அலறினோம். ஒருமுறை சளி, காய்ச்சலுக்கு மெடிக்கலில் நானே கேட்டு வாங்கிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கால் ஐ.என்.ஆர். ஆறைத் தாண்டி, மூக்கில் வழிந்த ரத்தம் நிற்கவே இல்லை. அன்றிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், அவள் சொல்லும் முதல் வாக்கியம், "எனக்கு மெட்டல் வால்வு இருக்கு." பர்ஸில் அட்டை எப்போதும் இருக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மொட்டைமாடியில் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து எண்ணினேன், நான்கு மாத்திரைகள். மூன்றாம் நாள், தண்ணீர் வடியாமலே இவர் பழைய லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு போய், மேட்டுப் பகுதியில் ஒரு மெடிக்கல் ஷாப்பை எழுப்பித் திறக்க வைத்து, இரண்டு அட்டை வாங்கிவந்தார். அந்த மூன்று நாளும் அவள் தூங்கினாள். நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது வீட்டில் எப்போதும் ஒரு மாதத்துக்கான மாத்திரை கூடுதலாக இருக்கும்.

மாமனார் அதைப் பார்க்கவில்லை. 2021-ல் போய்விட்டார். கடைசி நாட்களில் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பார். "சரியா ஓடுது" என்பார்.

இப்போது அவளுக்கு இருபத்திரண்டு. துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. போன மாதம் ஒரு சம்பந்தம் வந்தது. பையன் நல்ல பையன். "ஆபரேஷன் விஷயத்தை நிச்சயம் முடிஞ்ச பிறகு பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்றார் நாத்தனார். எனக்கும் அப்படி ஒரு சபலம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பெண் பார்க்க வந்த அன்று, காபி தட்டை வைத்துவிட்டு அவளே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வால்வு, மாத்திரை, குழந்தை வேண்டுமென்றால் என்னென்ன செய்ய வேண்டும், அதில் என்ன ஆபத்து, எல்லாம். ஆபீஸில் சரக்குப் பட்டியல் வாசிப்பது மாதிரி ஒரே சீராக. பையனின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கலந்து பேசிச் சொல்வதாகக் கிளம்பினார்கள். மூன்று வாரமாகிறது.

நேற்று அவளுக்கு டெஸ்ட். ஆபீஸ் போகும் வழியில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். மத்தியானம் நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் ஒலித்தது. கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அவளிடமிருந்து வாட்ஸ்அப். 2.8 என்று மட்டும் அனுப்பியிருந்தாள்.